நெஞ்செரிச்சலுக்குப் புரோபயாட்டிக்: நீண்ட நாள் பயன்பாட்டில் தெரிவது

புரோபயாட்டிக், அதாவது குடலுக்கு நல்லது செய்யும் உயிருள்ள பாக்டீரியா, வயிற்று அமிலத்தைக் குறைக்காது. அது ஒமெப்ரசோல் போன்ற மாத்திரைகளின் வேலை. உப்புசம், ஓயாத ஏப்பம், நாலு வாய் சாப்பிட்டதுமே வயிறு நிரம்பிவிட்ட உணர்வு, இவற்றில்தான் இதனால் ஓரளவு பலன். வயிறு விரியும்போது உணவுக்குழாயின் அடிமுனைத் தசை அடிக்கடி தளரும்; அமிலம் மேலேறும். உப்புசம் தணிந்தால் புளியேப்பமும் குறையலாம். உப்புசமே இல்லாமல் எரிச்சல் மட்டும் உள்ளவர்கள் காசை மிச்சப்படுத்தலாம்.

சிங்கப்பூரில் இவை துணை உணவாகவே விற்கப்படுகின்றன. விற்பனைக்கு முன் சுகாதார அறிவியல் ஆணையத்தின் ஒப்புதல் கட்டாயமில்லை. ஆகவே லேபிளை நாம்தான் படிக்க வேண்டும். பாக்டீரியாவின் பெயரோடு ரகக் குறியீடும் இருக்கிறதா பாருங்கள்: லாக்டோபேசில்லஸ் ராம்னோசஸ் ஜிஜி, லாக்டோபேசில்லஸ் ரியூட்டரி டிஎஸ்எம் 17938 என்பதுபோல. பாக்டீரியா எண்ணிக்கை காலாவதி நாள் வரைக்குமானதா, தயாரித்த அன்றையதா என்பதும் முக்கியம். பலர் கவனிக்காதது இனுலின், எஃப்ஓஎஸ் என்ற நார்ச்சத்துகள். இவை குடலில் நொதித்து வாயுவைக் கூட்டும். "புரோபயாட்டிக் எனக்கு ஒத்துவரவில்லை" என்பவர்கள் முதலில் சந்தேகப்பட வேண்டியது இதைத்தான்.

ஒரே ரகத்தில், நாளுக்கு 500 கோடி முதல் 1000 கோடி பாக்டீரியா வரை போதும். ஒமெப்ரசோல் எடுப்பவர்கள் எழுந்ததும் அதைப் போட்டு, அரைமணி கழித்துப் பசியாறும்போது புரோபயாட்டிக்கை எடுக்கலாம். தூள் பாக்கெட்டைச் சூடான கோப்பியில் கலக்கினால் அந்த நல்ல பாக்டீரியாக்கள் செத்துவிடும். முதல் வாரம் வாயு கூடினால் ஒருநாள் விட்டு ஒருநாள் எடுங்கள். ஆன்டிபயாடிக் சாப்பிட்டால் இரண்டு மணி நேரமாவது இடைவெளி வேண்டும். நாலு வாரத்தில் மாற்றம் தெரியாவிட்டால் நிறுத்திவிடலாம். இன்னொரு டப்பா வாங்கினாலும் அதே கதைதான்.

நம் ஊர்ப் புழுக்கம் கேப்சூலுக்குப் பகை. வார மாத்திரைப் பெட்டியில் பிரித்துப் போடாமல், ஈரம் உறிஞ்சும் பையோடு அதே டப்பாவில் வைத்திருங்கள்.

இட்லி, தோசையும் புளிக்கவைத்தவைதானே என்பார்கள். வேகும்போதே மாவிலுள்ள பாக்டீரியாக்கள் செத்துப்போய்விடும். மோர் நல்ல வழி: ஒரு பங்கு தயிருக்கு மூன்று பங்கு தண்ணீர், கொஞ்சம் சீரகத்தூள், பச்சைமிளகாய் வேண்டாம். தயிர்சாதம் என்றால் சோறு ஆறிய பிறகு பிசையுங்கள். பால் சாப்பிட்டாலே வயிறு உப்புபவர்கள் சிறிதளவில் தொடங்குவது நல்லது. புட்டிப் பானங்களில் சர்க்கரை அளவைச் சொல்லும் நியூட்ரி-கிரேட் எழுத்தைப் பார்த்து, சர்க்கரை குறைந்ததையே எடுங்கள். ஆரஞ்சுச் சுவை சிலருக்கு எரிச்சலைக் கிளப்பும்.

இரவு பதினொரு மணிக்கு மீன்குழம்போடு புரோட்டா சாப்பிட்டுப் படுத்தால் எந்தக் கேப்சூலும் காப்பாற்றாது. சாப்பாட்டுக்கும் படுக்கைக்கும் மூன்று மணி நேரம் விடுங்கள். கட்டிலின் தலைப்பக்கக் கால்களுக்கடியில் கட்டை வைத்து 15–20 செ.மீ. உயர்த்துங்கள், தலையணைகளை அடுக்கினால் வயிறு மடிந்து அழுத்தம்தான் கூடும்.

புரோபயாட்டிக் தொடங்கிவிட்டோமென்று ஒமெப்ரசோலைச் சட்டென நிறுத்தாதீர்கள். அமிலம் முன்னைவிட அதிகமாகச் சுரந்து திருப்பியடிக்கும். பலதுறை மருந்தகத்தில் கேட்டுப் படிப்படியாகக் குறையுங்கள். நோய் எதிர்ப்புச் சக்தி குன்றியவர்கள், கீமோதெரபி எடுப்பவர்கள் மருத்துவரைக் கேட்காமல் புரோபயாட்டிக்கைத் தொடவே கூடாது. விழுங்கச் சிரமம், காரணமில்லாத எடைக்குறைவு இருந்தால் தாமதிக்காமல் மருத்துவரிடம் போங்கள். இரத்த வாந்தி, கறுத்த மலம் என்றால் நேரே அவசரப் பிரிவு. நெஞ்சை அழுத்தும் வலி கைக்கோ தாடைக்கோ பரவினால் அதை வாயு என்று எண்ணிக் காத்திருக்காமல் ஆம்புலன்ஸுக்கு 995ஐ அழையுங்கள்.