திரையில் எண்கள் தெரிகின்றனவா? சொந்த சர்வரில் ஓடும் மூன்று காணொளிக் கருவிகள்

மாலை நேரத்தில் இணையவழியே கணக்குப்பதிவு கற்றுத்தரும் எங்கள் வகுப்பில் இருபது பேர் படிக்கிறார்கள். அவர்களில் பாதிக்கு மேற்பட்டோர் கைப்பேசியில்தான் பாடம் கேட்கிறார்கள். முன்பு நாங்கள் பயன்படுத்திய இலவசச் சேவை, ஐந்தொகையைச் சரிக்கட்டும் நேரம் பார்த்து 40ஆம் நிமிடத்தில் அறுந்துபோகும். மாதக் கட்டணம் கட்டுவதா, எந்நேரமும் இணையத்தில் இயங்கும் கணினியான ஒரு சர்வரை வாடகைக்கு எடுத்து, காணொளிக் கருவியை நாங்களே நிறுவிக்கொள்வதா என்று யோசித்து, இரண்டாவது வழியில் இறங்கினோம். எங்களுக்கு முகம் தெரிவதைவிட நான் பகிரும் எக்செல் தாளில் 3க்கும் 8க்கும் வேறுபாடு தெரிவதுதான் முக்கியம். ஆகவே ஜிட்சி மீட், பிக்புளூபட்டன், கலேன் ஆகிய மூன்றையும் அந்த ஒரே உரைகல்லில் உரசிப் பார்த்தேன்.

கருவிக்கு முன்னால் கணக்கு. இடையில் சர்வர் இல்லாமல் ஒருவரோடொருவர் நேரடியாக இணைவதென்றால், இருபது பேருக்கு என் வீட்டு இணைப்பிலிருந்து இருபது பிரதிகள் மேலேற வேண்டும். எந்தச் சாதாரண இணைப்பும் அதைத் தாங்காது. இந்த மூன்று கருவிகளிலும் நான் ஒரே பிரதியை அனுப்பினால் போதும், சர்வர் அதை மற்றவர்களுக்குப் பகிர்ந்துவிடும். திரைக்கு நொடிக்கு 1 மெகாபிட் என்று வைத்துக்கொண்டால் ஒரு மணி நேரத்தில் ஒரு மாணவருக்கு 450 எம்பி ஆகிறது, சர்வரிலிருந்து வெளியேறுவது 9 ஜிபி. நாளொன்றுக்கு 1.5 ஜிபி டேட்டா பேக் போட்டிருக்கும் மாணவருக்கு இதுவே பெரிய செலவு; அதன்மேல் இருபது முகங்களின் வீடியோவையும் ஏற்றுவது நியாயமில்லை.

ஜிட்சி பழைய திட்டம். 2003இல் பிரான்சின் ஸ்திராஸ்பூர்கில் எமில் இவோவ் மாணவராக இருந்தபோது தொடங்கியது. 2015இல் அட்லாசியனிடமும் 2018இல் 8x8 நிறுவனத்திடமும் கைமாறியது. டெபியன் அல்லது உபுண்டு என்ற லினக்ஸ் இயங்குதளத்தில் நிறுவுவது கடினமன்று. சொந்த டொமைன் பெயரும் (இணைய முகவரி) இணைப்பைப் பாதுகாப்பாக்கும் சான்றிதழும் இருக்க வேண்டும், ஏனெனில் பாதுகாப்பான இணைப்பு இல்லாத பக்கத்துக்கு உலாவிகள் கேமராவையும் மைக்கையும் திறந்துவிடுவதில்லை. சர்வரின் காவலரணான ஃபயர்வாலில், படமும் ஒலியும் செல்லும் யூடிபி 10000 என்ற வாயிலைத் திறக்க மறந்தால், இருவர் பேசும்போது எல்லாம் சரியாக இருப்பதுபோல் தோன்றி, மூன்றாமவர் நுழைந்ததும் படமும் ஒலியும் நின்றுவிடும். இருவர் மட்டும் இருக்கையில் ஜிட்சி அவர்களை நேரடியாக இணைத்துவிடுவதே இதற்குக் காரணம். ஆகவே சோதனைக்கு எப்போதும் கைப்பேசி, கணினி என மொத்தம் மூன்றை வைத்துக்கொள்ளுங்கள். நிறுவியவுடன் முகவரி தெரிந்த யாரும் அதில் அறை திறக்கலாம் என்பதால், அறை திறப்பதற்குக் கடவுச்சொல் கேட்கும்படி அன்றே மாற்றிவிட வேண்டும்.

திரைப் பகிர்வில் ஜிட்சி இயல்பாக நொடிக்கு 5 பிரேம்களே அனுப்புகிறது. படம் காட்டுவோருக்கு இது குறை. அவர்கள் அமைப்பில் கூட்டிக்கொள்ளலாம். எங்களுக்கோ இதுவே வரம், ஏனெனில் இருக்கும் அலைவரிசை முழுவதும் எழுத்தின் துல்லியத்துக்குப் போகிறது. எக்செல்லை 150 விழுக்காடு பெரிதாக்கி, முழுத் திரையைப் பகிராமல் அந்தச் சாளரத்தை மட்டும் பகிர்ந்தபோது, ஐந்தரை அங்குலக் கைப்பேசியிலும் பைசா வரை படிக்க முடிந்தது.

பிக்புளூபட்டன் 2007இல் கனடாவின் கார்ல்டன் பல்கலைக்கழகத்தில் வகுப்பறைக்கென்றே பிறந்தது, அது ஒவ்வொரு பொத்தானிலும் தெரிகிறது. வெண்பலகை, வாக்கெடுப்பு, சிறு குழு அறைகள், மூடுல் என்ற இணையவழிப் பாட மென்பொருளுடன் இணைப்பு என எல்லாம் உண்டு. நான் மிகவும் மெச்சியது அதன் ஸ்லைடுகளைத்தான். ஏற்றிய கோப்பை வீடியோவாக ஓட்டாமல் பக்கம் பக்கமாக மாற்றி ஒவ்வொருவருக்கும் அனுப்பிவிடுவதால், டேட்டா மிகக் குறைவாகவே செலவாகிறது, பெரிதாக்கினாலும் எழுத்து மங்குவதில்லை. ஒரு சிக்கலைச் சந்தித்தேன்: தமிழில் தயாரித்த பாடத்தை நேரடியாக ஏற்றியபோது எழுத்துகளெல்லாம் வெறும் கட்டங்களாக வந்தன. மாற்றும் வேலை சர்வரில் நடக்கிறது, அங்கே நான் தமிழ் எழுத்துருவை வைத்திருக்கவில்லை. என் கணினியிலேயே பிடிஎஃப் ஆக்கி ஏற்றியதும் சரியாகிவிட்டது. ஆனால் இது கேட்கும் இடம் பெரிது: முழுச் சர்வரும் இதற்கென்றே வேண்டும், 16 ஜிபி நினைவகமும் 8 கோர்களும் வேண்டும் என்று அதன் கையேடே சொல்கிறது. கல்லூரிக்குத் தகும், இருபது பேர் வகுப்புக்கு வாடகை கட்டுப்படியாகாது.

கலேனைப் பற்றித் தமிழில் யாரும் பேசிப் பார்த்ததில்லை, அது எனக்கு வருத்தமே. பாரிஸில் பல்கலைக்கழக ஆசிரியராக உள்ள யூலியுஷ் குரோபோசெக் 2020இல் எழுதத் தொடங்கிய இக்கருவி, கோ (Go) என்ற நிரல்மொழியில் எழுதப்பட்ட ஒரே ஒரு நிரல். ஒவ்வொரு வகுப்புக்கும் ஒரு சிறு அமைப்புக் கோப்பு எழுதிவைத்தால் வேலை முடிந்தது. சிறிய சர்வரே போதும். இதில் மாணவரே தமக்கு எது வர வேண்டும் என்று தேர்ந்துகொள்ளலாம்: ஒலி மட்டும், அல்லது ஒலியும் பகிரப்படும் திரையும், அல்லது எல்லாம். ‘ஒலியும் திரையும்’ என்பதைத் தேர்ந்த மாணவி ஒருவர், "சார், இன்னிக்கு முழு கிளாஸும் பார்த்தேன், இன்னும் நெட் பாக்கி இருக்கு" என்றார். வசதிகளின் பட்டியல் நீளமானதன்று, தோற்றமும் எளிமையானது. அதை நான் குறையாகக் கருதவில்லை.

கோப்புகளைச் சொந்த சர்வரில் சேமித்துப் பகிரும் நெக்ஸ்ட்கிளவுட் மென்பொருளின் காணொளிப் பகுதியான நெக்ஸ்ட்கிளவுட் டாக்கையும் பார்த்தேன். ஏற்கெனவே நெக்ஸ்ட்கிளவுட் வைத்திருக்கும் சிறு அலுவலகத்தில் நாலைந்து பேர் பேச நல்லது. அதற்கு மேலென்றால், படத்தையும் ஒலியையும் பகிர்ந்தளிக்கத் தனிப் பின்தள நிரலை நிறுவ வேண்டும்.

எங்கள் வகுப்புக்கு இறுதியில் ஜிட்சியையே வைத்துக்கொண்டோம். கைப்பேசியில் உள்ள உலாவிகள் திரையைப் பகிர அனுமதிப்பதில்லை. செயலி இருந்தால்தான் முடியும், அது இம்மூன்றில் ஜிட்சியிடமே கைக்கு எட்டும்படி இருக்கிறது. மாணவர் எங்கே தவறாகப் பதிந்தார் என்பதை அவருடைய கைப்பேசித் திரையிலேயே பார்த்துத் திருத்துவது எனக்கு இன்றியமையாதது. எல்லோரிடமும் கணினி இருந்திருந்தால் தயங்காமல் கலேனைத்தான் எடுத்திருப்பேன். ஆசிரியர்கள் நால்வர் பாடத்திட்டம் பேசும் ஞாயிறு கூட்டத்தை இப்போதும் அதில்தான் நடத்துகிறோம்.

ஜிட்சியில் பதிவு செய்ய விரும்புவோர் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அதன் பதிவுக் கருவியான ஜிப்ரி, சர்வருக்குள்ளேயே ஒரு குரோம் உலாவியைத் திறந்து, அதில் தெரிவதைப் படம் பிடிக்கிறது. அதற்குத் தனி நினைவகம் வேண்டும், ஒரு ஜிப்ரி ஒரு நேரத்தில் ஒரு வகுப்பை மட்டுமே பதியும். அங்கும் தமிழ் எழுத்துருவை நிறுவிவைக்காவிட்டால், பதிவில் மாணவர்களின் தமிழ்ப் பெயர்கள் எல்லாம் கட்டங்களாகவே நிற்கும்.