பல்பு வேண்டாம், கேப் டெஸ்டர் வாங்குங்கள்

பழைய பாயிண்ட் இக்னிஷன் கார் (பாயிண்ட் என்ற சின்ன சுவிட்ச் திறந்து மூடி ஸ்பார்க் உண்டாக்கும் ரகம்) வைத்திருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். பிளக்குக்கு ஸ்பார்க் ஒழுங்காக வருகிறதா என்று பார்க்கும் ஸ்பார்க் டெஸ்டர் வாங்கப் போனால் பெரும்பாலும் இரண்டு ரகம் காட்டுவார்கள். ஒன்று பிளக்குக்கும் வயருக்கும் நடுவில் மாட்டுவது, கரண்ட் வந்தால் பல்பு மின்னும். இன்னொன்று திருகைத் திருப்பி கேப்பை (ஸ்பார்க் தாண்டும் இடைவெளியை) கூட்டிக் குறைத்து, கிளிப்பை இன்ஜினில் மாட்டி, ஸ்பார்க்கைக் கண்ணாலேயே பார்ப்பது. இரண்டும் என்னிடம் இருக்கிறது, பல்பு இப்போது டப்பாவில் தூங்குகிறது.

காரணம் எளிது. நோஞ்சான் ஸ்பார்க்குக்கும் அந்தப் பல்பு மின்னிவிடும். பிளக்கைக் கழற்றி பாடியில் வைத்துப் பார்ப்பதிலும் இதே ஏமாற்றம்தான், 0.7 மி.மீ. கேப்பை வெளிக்காற்றில் எந்த ஸ்பார்க்கும் தாண்டும், ஆனால் சிலிண்டருக்குள் கம்ப்ரெஷனில் அதே கேப்பைத் தாண்ட பல மடங்கு வோல்டேஜ் வேண்டும். கேப் டெஸ்டரை 6 மி.மீ. வைத்து செல்ஃப் அடித்தால் குட்டு உடைந்துவிடும். நீலமாக, சடசடவென்று தாண்டினால் சரி. மெல்லிசாக ஆரஞ்சு நிறத்தில் இழுத்தால் கண்டென்சர் (பாயிண்ட் கருகாமல் காப்பது), பாயிண்ட், காயில் (பேட்டரி வோல்டேஜை ஸ்பார்க்குக்கு ஏற்றுவது) மூன்றையும் சந்தேகப்படலாம் (கருகிப்போன பாயிண்ட் என்றால் முதலில் கண்டென்சர்).

இதைவிடப் பிடித்தது, கோளாறு எந்தப் பக்கம் என்று பிரித்துக் காட்டுவது. காயிலிலிருந்து வரும் நடு வயரில் ஸ்பார்க் கொழுப்பாக இருந்து பிளக் வயரில் மட்டும் சோர்ந்திருந்தால் காயிலைத் தொடவே வேண்டாம், ஸ்பார்க்கை ஒவ்வொரு பிளக்குக்கும் பிரித்து அனுப்பும் டிஸ்ட்ரிபியூட்டரின் மூடிக்குள் டார்ச் அடித்து, பென்சிலால் கிழித்த மாதிரி கரிக்கோடு (ஸ்பார்க் கசிந்த தடம்) ஓடுகிறதா என்று பாருங்கள், உள்ளே சுற்றும் ரோட்டாரையும் சேர்த்து. சூடானதும் நின்று, ஆறியதும் ஸ்டார்ட் ஆகிற வண்டி என்றால் நின்ற அந்த நிமிஷமே மாட்டிப் பார்க்க வேண்டும், ஆறிய காயில் மல்டிமீட்டரில் ஒழுங்காகத்தான் காட்டும்.

குறையும் உண்டு. என்னுடையதில் கேப் அளவு குறிக்கவே இல்லை, டிரில் பிட்டை நடுவில் வைத்துத்தான் செட் செய்கிறேன். வெயிலில் ஸ்பார்க் தெரியாது. கிளிப்பின் ஸ்பிரிங் வேறு சொத்தை, அது நழுவினால் ஸ்பார்க் உங்கள் கை வழியாகப் போகும், அதனால் பெயிண்ட் இல்லாத இரும்பில் மாட்டிவிட்டு கையை எடுத்துவிடுங்கள். பெட்ரோல் வாடை அடித்தால் கசிவைச் சரிசெய்யும் வரை டெஸ்டரை வெளியே எடுக்காதீர்கள்.