பாயின்ட் ரேய்ஸ் கலங்கரை விளக்கம்: ஜூலையா, ஜனவரியா, ஏப்ரலா, அக்டோபரா?

சான் பிரான்சிஸ்கோவுக்கு வடமேற்கே, பசிபிக் கடலுக்குள் சுமார் பத்து மைல் நீட்டிக்கொண்டிருக்கிறது பாயின்ட் ரேய்ஸ் தீபகற்பம். அதன் நுனியில் இருக்கும் கலங்கரை விளக்கத்துக்கு ஒரே சாலைதான். எந்த வழியில் போவது என்ற கேள்விக்கே இடமில்லை. எந்த மாதம் போவது என்பதில்தான் பயணம் உருப்படுவதும் வீணாவதும் இருக்கிறது.

மாதம் எதுவானாலும் மாறாதவற்றை முதலில் சொல்லிவிடலாம். பாயின்ட் ரேய்ஸ் தேசியக் கடற்கரைப் பூங்காவின் பேர் வேலி பார்வையாளர் மையத்திலிருந்து விளக்கம்வரை வளைந்து நெளியும் சாலையில் முக்கால் மணி நேரம் ஓட்ட வேண்டும். வழியில் பெட்ரோல் கிடையாது. பாயின்ட் ரேய்ஸ் ஸ்டேஷன் ஊரிலேயே நிரப்பிக்கொள்ளுங்கள். செல்போன் சிக்னலை நம்ப வேண்டாம். வரைபடத்தை முன்பே இறக்கி வையுங்கள். வண்டி நிறுத்துமிடத்திலிருந்து அரை மைலுக்குச் சற்றுக் குறைவான நடை. அதன் முடிவில் குன்றின் விளிம்பு. விளக்கம் அங்கிருந்து 313 படி கீழே இருக்கிறது.

கலங்கரை விளக்கத்துக்கு ஏறித்தானே பழக்கம், இங்கே ஏன் இறங்க வேண்டும்? மூடுபனிதான் காரணம். குன்றின் உச்சி பெரும்பாலும் பனிக்குள் மறைந்துவிடும். அங்கே விளக்கை வைத்தால் கப்பல்காரர் கண்ணுக்கு எட்டாது. எனவே பனித்திரைக்குக் கீழே, பாறையை வெட்டிச் சமன் செய்து, 37 அடி உயரமே உள்ள பதினாறு பக்கக் கோபுரத்தை நிறுத்தினார்கள். 1870 டிசம்பர் 1 அன்று முதன்முதலாக விளக்கு ஏற்றப்பட்டது.

இந்தக் காரணம் புரிந்தால் ஜூலையின் சிக்கலும் புரியும். கோடையில் வடமேற்குக் காற்று கரையோரத்தின் மேல்நீரைத் தள்ள, அடியிலிருந்து குளிர்ந்த நீர் மேலே வருகிறது. ஈரக்காற்று அதன்மேல் பட்டு மூடுபனியாகிறது. பேர் வேலியில் வெயில் சுள்ளென்று அடிக்கும்; நடுவே உள்ள மலைமுகட்டைத் தாண்டியதும் எதிரே வெள்ளைச் சுவர்! குன்றின் மேலிருந்து விளக்கம்கூடத் தெரியாத நாட்கள் உண்டு. பள்ளி விடுமுறை என்பதற்காக மட்டும் ஜூலையைத் தேர்ந்தெடுக்காதீர்கள். கடலைப் பார்க்கப் போகிறவருக்கு அது மோசமான மாதம். ஆனால் அந்த விளக்கு எதற்காக அங்கே வைக்கப்பட்டது என்பதை உடம்பால் உணர வேண்டும் என்றால் ஜூலையைப் போல் வேறு மாதம் இல்லை. மூடுபனி சூழ்ந்தால் கப்பல்களை எச்சரிக்க அந்நாளில் ஒலித்த நீராவிச் சங்கு மணிக்கு 140 பவுண்டு நிலக்கரி தின்றதாம். அத்தனையையும் அள்ளிப்போட்ட காவலர்களை நினைத்துக்கொண்டே இறங்கலாம்.

ஜனவரிக்குத் திமிங்கலங்கள்தான் பெருமை. அலாஸ்காவிலிருந்து மெக்சிகோவின் பாஹா கலிபோர்னியாவுக்குப் போகும் சாம்பல் திமிங்கலங்கள் ஜனவரி நடுவில்தான் மிக அதிகமாகக் கடக்கும். தீபகற்பம் அவற்றின் பாதைக்குள்ளேயே நீண்டிருப்பதால் கரையிலிருந்தே பார்க்கலாம். பைனாகுலரைக் கண்ணிலேயே வைத்துக்கொண்டு தேடாதீர்கள். முதலில் வெறுங்கண்ணால் கடற்பரப்பைத் துழாவி, மூச்சு பீறிடும் இடத்தைக் கண்டபின் பைனாகுலரை எடுங்கள். பக்கத்திலுள்ள சிம்னி ராக் பகுதியில் யானைச் சீல்கள் என்னும் பெரிய கடல்நாய்கள் குட்டி ஈனும் பருவமும் இதுவே. மழை ஓய்ந்த மறுநாள் வானம் கண்ணாடிபோல் இருக்கும்.

குளிர்காலத்தின் சங்கடம் இரண்டு. ஒன்று, கூட்டம். டிசம்பர் கடைசியிலிருந்து வசந்தத் தொடக்கம்வரை சனி, ஞாயிறுகளில் ஷட்டில் பேருந்து ஓடும் ஆண்டுகளில், சொந்த வண்டியை நுனிவரை விடமாட்டார்கள். டிரேக்ஸ் பீச்சில் நிறுத்தி, சீட்டு வாங்கிப் பேருந்தில்தான் போக வேண்டும். அந்த ஆண்டு பேருந்து உண்டா என்பதைப் பூங்காவின் இணையதளத்தில் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். மற்றொன்று, புயல். காற்று மணிக்கு 40 மைலைத் தாண்டினால் படிகளை மூடிவிடுவார்கள். பசிபிக் கரையிலேயே மிக அதிகமாகக் காற்று வீசும் இடம் இது. மணிக்கு 133 மைல்வரை பதிவாகியிருக்கிறது.

மார்ச்சும் ஏப்ரலும் ஜூலை, ஜனவரி இரண்டுக்கும் நடுவான தேர்வு. வடக்கே திரும்பும் திமிங்கலங்கள் மார்ச் நடுவில் அதிகம். ஏப்ரல் கடைசியிலும் மே தொடக்கத்திலும் வருபவை குட்டியோடு வரும் தாய்கள். கரையை ஒட்டியே நகரும். ஜனவரியில் வருபவற்றைவிட எண்ணிக்கை குறைவு, ஆனால் பக்கத்தில் தெரியும். சிம்னி ராக்கில் காட்டுப்பூக்கள் விரியும். இதற்கான விலை காற்று. வசந்தத்தில் அது விடாது வீசும். தொப்பி நிற்காது, காதை மூடும் துணியும் காற்றுப் புகாத மேற்சட்டையும் இல்லாமல் இறங்க வேண்டாம்.

எங்கள் தேர்வு செப்டம்பர் கடைசியும் அக்டோபரும். வடமேற்குக் காற்று தளரும், பனி விலகும், படிகள் மூடப்படும் வாய்ப்பும் குறைவு. திமிங்கலப் பருவம் இல்லை என்பது குறைதான். ஆனால் பழைய விளக்கின் கண்ணாடியை நிதானமாகப் பார்க்க இதுவே நேரம். 1867இல் பிரான்சில் செய்த முதல்தர ஃபிரெனல் வில்லை அது; ஒளியைக் குவித்துத் தொலைவுக்கு அனுப்பும் கண்ணாடி அமைப்பு. 24 பலகைகள், இரண்டு நிமிடத்துக்கு ஒரு சுற்று. ஆக ஐந்து நொடிக்கு ஒரு மின்னல். எடைக்கல் தொங்கும் கடிகாரப் பொறிதான் சுழற்றியது. இரண்டு மணி இருபது நிமிடத்துக்கு ஒருமுறை சாவி கொடுக்க வேண்டும். 1906 நிலநடுக்கத்தில் தீபகற்பமே 18 அடி வடக்கே நகர்ந்தது; விளக்கு வேலை செய்யாமல் இருந்தது 13 நிமிடம்தான். 1975இல் தானியங்கி விளக்கு வந்தபின் பழைய வில்லை ஓய்வு பெற்றது, ஆனால் அதே இடத்தில் இருக்கிறது.

படி இறங்குவதா, மேலிருந்தே பார்ப்பதா என்பதை அங்கே போய் முடிவு செய்யாதீர்கள். படிகளைத் தினமும் திறப்பதில்லை. நாளையும் நேரத்தையும் முன்பே உறுதி செய்யுங்கள். வில்லை அறை திறந்திருக்கும் நேரம் அதைவிடக் குறைவு. இறங்கப் பத்து நிமிடம் என்றால் ஏற இருபது நிமிடம் வையுங்கள். முப்பது மாடி ஏறுவதற்குச் சமம். முழங்கால் வலி உள்ள பெரியவர்களுக்குக் குன்றின் மேல்தளமே போதும். திமிங்கலம் பார்க்க அந்த உயரம்தான் உண்மையில் வசதி. மாற்றுத்திறனாளி அட்டை உள்ள வண்டிகளை குன்றின் மேலுள்ள கலங்கரை விளக்கப் பார்வையாளர் மையத்துக்கு அருகில் நிறுத்தலாம்.

போன பிறகு காற்றால் படிகள் மூடியிருந்தால், அங்கேயே காத்திருந்து நேரத்தைக் கரைக்க வேண்டாம். டிரேக்ஸ் பீச்சுக்குத் திரும்புங்கள். தெற்கு பார்த்த கரை என்பதால் வடமேற்குக் காற்று அங்கே அவ்வளவாக எட்டாது. குளிர்காலத்தில் யானைச் சீல்கள் அங்கேயும் படுத்திருந்தால் மணலை மூடியிருப்பார்கள்; தடுப்புக்கு இந்தப் பக்கம் நின்றே பாருங்கள்.