மணி கேட்காத பையனும் எங்கள் ஊர்ப் பள்ளியும்

பேரன் படிக்கிற எங்கள் ஊர்ப் பள்ளிக்கு ஐந்துக்கு மூன்றரை நட்சத்திரம் போடலாம் என்றுதான் உட்கார்ந்தேன். அரை நட்சத்திரம் போட வழியில்லை, அதனால் நான்கு. ஜூன் மாதம் எழுதியிருந்தால் இரண்டுதான் போட்டிருப்பேன்.

அரசுப் பேருந்தில் 28 வருடம் ஸ்டீயரிங் பிடித்தவன் நான். கும்பகோணத்திலிருந்து பஸ்ஸில் அரைமணி தூரத்தில் ஊர். மகளும் மருமகனும் திருப்பூரில் பனியன் கம்பெனி வேலை. எட்டு வயதுப் பேரன் எங்களிடம் வளர்கிறான். காது கேட்காது, இரண்டு காதிலும் கேட்கிற மிஷின். போட்டிருந்தால் முகம் பார்த்துப் பேசுவதைப் பிடித்துக்கொள்வான். கழற்றிவிட்டால் பக்கத்தில் சரவெடி வெடித்தால்தான் திரும்புவான்.

இரண்டு வருடம் ஒரு தனியார் பள்ளியில் படித்தான். பெயர் வேண்டாம். 2025 ஏப்ரலில் கூப்பிட்டு உட்கார வைத்து, காபியும் கொடுத்து, "மத்த பிள்ளைங்க படிப்பு பாதிக்குதுங்க, ஸ்பெஷல் ஸ்கூல்ல போட்டுப் பாருங்களேன்" என்றார்கள். அரசு அங்கீகாரம் பெற்ற பள்ளி எதுவானாலும் மாற்றுத்திறனாளிப் பிள்ளையைப் பாகுபாடு இல்லாமல் சேர்த்து, மற்றவர்களோடு உட்கார வைத்துச் சொல்லிக்கொடுக்க வேண்டும் என்று 2016-ஆம் வருடச் சட்டம் சொல்கிறது. சட்டத்தைத் தூக்கிக்கொண்டு சண்டைக்குப் போயிருக்கலாம். தொழிற்சங்கத்தில் இருந்தவனுக்குச் சண்டை புதிதா என்ன? ஆனால் வேண்டாம் என்று சொல்லிவிட்ட வீட்டில் பிள்ளையைத் தினமும் காலையில் விட்டுவிட்டு வர மனசு வரவில்லை.

அப்படித்தான் எங்கள் ஊர் ஊராட்சி ஒன்றிய நடுநிலைப் பள்ளிக்கு வந்தோம். மூன்றாம் வகுப்பு. 2025 ஜூன் 2, திங்கட்கிழமை, பள்ளி திறந்த நாள்.

சேர்க்கையின்போது எல்லாரும் கேட்கிற கேள்வி எனக்கு மனப்பாடம். "பேசுவானா?", "பிறவியிலேயேவா?", "சொந்தத்துல கல்யாணமா?" ஹெச்.எம். அம்மா கேட்டது வேறு. "பேட்டரி எத்தனை நாளைக்கு வருது ஐயா?" அந்த ஒரு கேள்விக்கு அங்கேயே ஒரு நட்சத்திரம் கொடுத்துவிட்டேன். நீல ஸ்டிக்கர் ஒட்டிய 675 நம்பர் பட்டன் பேட்டரி. ஒரு அட்டையில் ஆறு. ஸ்டிக்கரை உரித்ததும் போட்டுவிடக் கூடாது, காற்றுப்பட ஒரு நிமிடம் வைத்துப் போட வேண்டும் என்று காட்டினேன். வகுப்பு டீச்சர் ஒரு அட்டையை வாங்கித் தன் மேஜை இழுப்பறையில் சாக்பீஸ் டப்பாவுக்குள் வைத்துக்கொண்டார். பழைய பள்ளியில் பேட்டரி தீர்ந்தால் அன்றைக்கு முழுக்க அவன் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருப்பான். சாயங்காலம்தான் எங்களுக்கே தெரியும்.

வட்டார வள மையத்திலிருந்து வாரம் ஒருநாள் சிறப்பாசிரியர் வருகிறார். சின்ன வயசுப் பெண். முதல் நாள் அவர் செய்ததை வாசலில் நின்று பார்த்தேன். ஒரு அட்டையால் வாயை மறைத்துக்கொண்டு ஆ, ஊ, ஈ, ம், ஷ், ஸ் என்று ஆறு ஓசை. ஒவ்வொன்று கேட்டதும் பையன் ஒரு புளியங்கொட்டையை டம்ளரில் போட வேண்டும். ஐந்து கொட்டை விழுந்தது. "ஸ்" மட்டும் விழவில்லை. "இடது மோல்டு லூசா இருக்கு, காது வளர்ந்துடுச்சு. மாத்தணும் ஐயா" என்றார். மோல்டு என்பது காதுக்குள் பொருத்துகிற அச்சு. ராத்திரியில் மிஷின் கீச் கீச்சென்று கத்துவதற்கு நாங்கள் மிஷினைத் திட்டிக்கொண்டிருந்தோம்! இப்போது வீட்டில் பாட்டி தினமும் காலையில் முறத்தால் வாயை மறைத்துக்கொண்டு இதைச் செய்கிறாள். வகுப்பு டீச்சரும் கற்றுக்கொண்டார், அதுதான் பெரிய விஷயம். சிறப்பாசிரியருக்கு எங்கள் பள்ளியைப் போல இன்னும் எத்தனையோ பள்ளி. வாரத்தில் மற்ற நாலு நாளும் பிள்ளை வகுப்பு டீச்சர் கையில்தானே? இந்த வாரம் ஒருநாள் என்பது போதாது, அதற்கு அரை நட்சத்திரம் குறைவு. அந்தப் பெண்ணின் மேல் குறை இல்லை.

டீச்சருக்கு ஒரு பழக்கம், கரும்பலகையில் எழுதிக்கொண்டே பேசுவார். முதுகு பேசினால் என் பேரனுக்கு ஒன்றும் கிடைக்காது. சொன்னேன். மாற்றிக்கொண்டார், பாதி நாள் மறந்தும் போகிறார், பரவாயில்லை. ஜூலையில் 'ப' வடிவில் உட்கார வைக்கிற பேச்சு வந்தபோது, பிள்ளைகளுக்குக் கழுத்து வலிக்கும் என்று ஊரெல்லாம் விவாதம். அது அவரவர் கஷ்டம். என் பேரனுக்கு, பதில் சொல்கிற பையன் பின் பெஞ்சில் இருந்தால் வாய் தெரியாது, பாதி வகுப்பு போச்சு. எங்கள் டீச்சர் தமிழ்ப் பாடத்துக்கு மட்டும் பெஞ்சைத் திருப்பிப் போட்டுப் பார்த்தார். அன்றைக்கு வீட்டுக்கு வந்து யார் யார் என்ன பதில் சொன்னார்கள் என்று ஒப்பித்தான். அதற்கு முன்னால் டீச்சர் சொன்னது மட்டும்தான் வீட்டுக்கு வரும்.

சாப்பாடு, புத்தகம் இதெல்லாம் குறை சொல்ல ஒன்றுமில்லை. காலைச் சிற்றுண்டி சூடாக இருக்கிறது. செருப்பு மட்டும் ஒரு சைஸ் பெரிது, அடுத்த வருடத்துக்கு ஆகும்.

இனி நான் குறைத்த இன்னொரு நட்சத்திரத்துக்கு வருகிறேன்.

பள்ளி வாசல் மெயின் ரோட்டில் இருக்கிறது. ஒன்பது மணிக்கு டவுன் பஸ்ஸும் தனியார் பஸ்ஸும் ஒன்றை ஒன்று முந்திக்கொண்டு வரும். 28 வருடம் நானும் அப்படித்தான் வந்தேன், பொய் சொல்லவில்லை. பிள்ளைகள் ஓரத்தில் நின்றால் தூரத்திலேயே ஹார்ன் அடிப்போம், ஒதுங்கிவிடுவார்கள் என்ற நம்பிக்கையில் காலை ஆக்சிலேட்டரிலேயே வைத்திருப்போம். ஹார்ன் கேட்காத பிள்ளை ஒன்று அந்தக் கூட்டத்தில் நிற்கலாம் என்று ஒருநாளும் நினைத்ததில்லை. இப்போது டிவிஎஸ் எக்ஸ்எல்லில் பேரனைக் கொண்டுவந்து இறக்கிவிட்டுத் திரும்பும்போதெல்லாம் அந்த நினைப்புதான். வாசலுக்கு முன் வேகத்தடை கேட்டு மனு கொடுத்திருக்கிறோம். சாலை நெடுஞ்சாலைத் துறைக்குச் சொந்தம், பள்ளி கையில் இல்லை என்று தெரியும். ஆனால் ஒன்பது மணிக்குக் கேட்டில் ஒரு ஆள் நிற்பது பள்ளி கையில்தானே இருக்கிறது? முதல் வாரம் நின்றார்கள். அப்புறம் நான்தான் நிற்கிறேன்.

குடும்பத்தைச் சேர்த்துக்கொள்கிற விஷயத்திலும் தொடக்கத்தில் சறுக்கல். எதற்குப் போனாலும் "அம்மாவை வரச் சொல்லுங்க ஐயா". வாட்ஸ்அப் குழுவில் மகளுடைய நம்பர். நாளைக்கு வண்ணத்தாள் கொண்டுவர வேண்டும் என்கிற செய்தி திருப்பூருக்குப் போய், ஷிப்ட் முடிந்து ராத்திரி பத்து மணிக்கு அவள் பார்த்து, எங்களுக்குப் போன் வரும். வண்ணத்தாள் விற்கிற கடை எட்டு மணிக்கே சாத்திவிடும். பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்துக்குப் போனபோதும் "நீங்க பெற்றோர் இல்லையே" என்று ஒருவர் இழுத்தார். 2009 கல்வி உரிமைச் சட்டத்தில் அந்தக் குழுவில் நாலில் மூன்று பங்கு 'பெற்றோர் அல்லது பாதுகாவலர்' என்றுதான் இருக்கிறது, பாதிப் பேர் பெண்களாக இருக்க வேண்டும் என்றும் இருக்கிறது. சொன்னதும் ஹெச்.எம். அம்மா நாற்காலி போடச் சொன்னார். எங்கள் வகுப்பில் மட்டும் ஐந்து பிள்ளைகள் தாத்தா பாட்டியிடம் வளர்கிறவர்கள் என்று அன்றைக்கு எண்ணிப் பார்த்தபோதுதான் அவர்களுக்கே தெரிந்தது. மறுநாளே குழுவில் பாட்டிகளின் நம்பர் ஏறியது. என் நம்பரும்.

அதே கூட்டத்தில் இன்னொன்றும் சொன்னேன். சுவரில் 1098, 14417 என்று பிள்ளைகளுக்கான உதவி போன் நம்பர்களைப் பெரிய எழுத்தில் எழுதியிருக்கிறார்கள். நல்லது. ஆனால் என் பேரனுக்குப் போனில் பேச வராது. வாய் தெரியாதே. அவனுக்கு ஏதாவது நடந்தால் எழுதித்தான் சொல்ல முடியும். அதற்குத்தான் 'மாணவர் மனசு' என்று ஒரு பெட்டி இருக்கிறது. அது எங்கே இருந்தது தெரியுமா? ஹெச்.எம். அறை வாசலில், என் நெஞ்சு உயரத்தில். மூன்றாம் வகுப்புப் பிள்ளை நாற்காலி போட்டு ஏறித்தான் மனசைத் திறக்க வேண்டும், அதுவும் ஹெச்.எம். கண் எதிரே. எல்லாரும் சிரித்துவிட்டார்கள். அடுத்த வாரம் பெட்டி தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்துச் சுவரில், பிள்ளைகளின் இடுப்பு உயரத்துக்கு இறங்கியிருந்தது.

இவ்வளவும் சரிப்படுத்தக்கூடிய விஷயங்கள். என்னை உலுக்கியது ஜூன் மூன்றாவது வாரம் நடந்தது.

தீ விபத்து ஒத்திகை. எங்கள் பள்ளி மணி என்பது வேப்பமரத்தில் தொங்குகிற தண்டவாளத் துண்டு. தொடர்ந்து அடித்தால் எல்லாரும் மைதானத்துக்கு வர வேண்டும். மறந்துவிட்ட சாப்பாட்டுத் தட்டைக் கொடுக்க நான் வந்திருந்தேன். மணி அடித்தது. பிள்ளைகள் அழகாக வரிசை கட்டி வந்தார்கள். நேரம் பார்த்தார்கள், கைதட்டினார்கள். வரிசையில் என் பேரனைத் தேடினேன். இல்லை.

வகுப்பறையில் இருந்தான். காது வியர்த்து அரிக்கிறது என்று மிஷினைக் கழற்றி டப்பாவில் வைத்திருக்கிறான். கதவுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு தரையில் உட்கார்ந்து பஸ் வரைந்துகொண்டிருந்தான். 32 பிள்ளைகளில் 31 பேர் வெளியே போனது அவனுக்குத் தெரியவில்லை. அவன் வராதது 31 பேருக்கும் தெரியவில்லை. நான் வாசலில் நின்று அவன் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டேன், கேட்காது என்று தெரிந்தும்.

கும்பகோணத்துக்காரனுக்கு இது வேறு மாதிரி வலிக்கும். 2004 ஜூலை 16, வெள்ளிக்கிழமை. காசிராமன் தெருப் பள்ளியில் சமையல் கூடத்துக் கீற்றில் பிடித்த தீ மாடிக் கீற்றுக்குத் தாவி, 94 பிள்ளைகள். எனக்கு அன்றைக்கு டூட்டி. ஊருக்குள் வண்டி நகரவில்லை. கண்டக்டர் டிக்கெட் கேட்க மனசில்லாமல் படியில் நின்றுகொண்டே வந்தார். அதற்குப் பிறகுதான் பள்ளிகளிலிருந்து கீற்றுக் கொட்டகைகளை எடுத்தார்கள். இன்றைக்கு எங்கள் பள்ளியில் கான்கிரீட் தளம், சமையல் அறை தனியாக, வாளியில் மணல், சிவப்பு சிலிண்டர் எல்லாம் உண்டு. அத்தனையும் இருந்தும் ஒரு பிள்ளை உள்ளே இருந்தான்.

ஹெச்.எம். அம்மாவிடம் சத்தம் போட்டேன். போட்டிருக்கக் கூடாத அளவுக்குப் போட்டேன். அவர் சமாதானம் சொல்லவில்லை, "ஒத்திகைதானே" என்றும் சொல்லவில்லை. அந்த வார்த்தை மட்டும் வந்திருந்தால் அன்றைக்கே டி.சி. வாங்கியிருப்பேன். நோட்டை எடுத்து வைத்துக்கொண்டு, "சொல்லுங்க ஐயா, என்ன பண்ணலாம்?" என்றார். சிறப்பாசிரியரையும் போனில் பிடித்தார். மூன்று பேரும் பேசி முடிவு செய்தது இவ்வளவுதான். பேரனுக்குத் துணையாக வகுப்பில் இரண்டு பிள்ளைகள், ஒருத்தி வராத நாளில் இன்னொருத்தன். மணி அடித்தால் தோளில் இரண்டு தட்டு, கையைப் பிடித்துக்கொண்டு வெளியே. டீச்சர் கடைசியாகத்தான் வெளியே வர வேண்டும், கையில் வருகைப் பதிவேடு இருக்க வேண்டும். மைதானத்தில் கைதட்டல் கிடையாது, பெயர் கூப்பிட்டு எண்ணிக்கை. கால் முடியாத ஆறாம் வகுப்புப் பெண் ஒருத்தி இருக்கிறாள், அவளுக்கும் இதே ஏற்பாடு. அவளை மாடி வகுப்பிலிருந்து கீழே மாற்றினார்கள். அதை நான் கேட்கவே இல்லை, அவர்களாகவே செய்தார்கள். மூன்றரையை நான்காக்கியது அதுதான்.

ஜூலை 16 புதன்கிழமை. காலையில் மெழுகுவர்த்தி ஏற்றி, இரண்டு நிமிடம் மௌனம். அப்புறம் மதியம், யாரிடமும் சொல்லாமல் மணி. நான் வேப்பமரத்தடியில் நின்றிருந்தேன், ஹெச்.எம். அம்மாதான் வரச் சொல்லியிருந்தார். அன்றைக்கும் மிஷினைக் கழற்றித்தான் வைத்திருந்தான். ரெட்டைச் சடை போட்ட ஒரு பெண் அவனைத் தரதரவென்று இழுத்துக்கொண்டு முதல் ஆளாக வந்தாள். டீச்சர் பதிவேட்டைத் திறந்து 32 பெயரும் கூப்பிட்டார். என் பேரன் பெயர் வந்தபோது அவள் அவன் கையைத் தூக்கிக் காட்டினாள்.

சாயங்காலம் வண்டியில் வரும்போது பின்னாலிருந்து என் சட்டையைப் பிடித்து இழுத்தான். ஓரம் கட்டித் திரும்பினேன். அவள் தோளில் ரொம்ப ஓங்கி அடிக்கிறாளாம், வலிக்கிறதாம், எழுதிப் பெட்டியில் போட்டிருக்கிறானாம். பெட்டியை வெள்ளிக்கிழமைதான் திறப்பார்கள்.