பி.ஏ.எஸ்.எல்.பி. படித்து முடித்து மூன்று ஆண்டுகள்: என் அனுபவம்

சென்னையில் ஒரு தனியார் கல்லூரியில் பி.ஏ.எஸ்.எல்.பி. படித்தேன். பேச்சு, மொழி, செவித்திறன் மூன்றிலும் வரும் குறைகளைச் சோதித்துப் பயிற்சி தரக் கற்றுக்கொடுக்கும் ஒரே பட்டம். மூன்று ஆண்டு வகுப்பு, ஓராண்டு இன்டர்ன்ஷிப். முடித்த பிறகு மூன்று ஆண்டுகளாக ஒரு மருத்துவமனையில் வேலை. படிக்கும்போதே எழுதியிருந்தால் பாடத்திட்டத்தைப் பற்றித்தான் எழுதியிருப்பேன். இப்போது சொல்ல வேண்டியது வேறு.

முதலில் ஒன்று. சேரும் முன் அந்தக் கல்லூரிக்கு இந்திய மறுவாழ்வு கவுன்சிலின் அங்கீகாரம் இருக்கிறதா என்று கண்டிப்பாகப் பாருங்கள். 1992-ஆம் ஆண்டுச் சட்டப்படி அங்கே பதிவு செய்தால்தான் இந்தத் தொழிலைச் செய்ய முடியும்.

முதல் ஆண்டு கனமாகத்தான் இருக்கும். உடற்கூறியல், மொழியியல், உளவியல், ஒலியியல், எலெக்ட்ரானிக்ஸ் எல்லாம் ஒன்றாக வரும். செவித்திறன் பக்கம் எனக்குப் பிடிபட நாள் எடுத்தது மாஸ்கிங். 250 முதல் 8000 ஹெர்ட்ஸ் வரை ஒவ்வொரு ஒலியாகக் கொடுத்துக் காதைச் சோதிப்போம். கேட்காத காதில் சத்தத்தைக் கூட்டிக்கொண்டே போனால், அது மண்டை எலும்பு வழியாக மறுபக்கத்து நல்ல காதுக்குப் போய்விடும். நோயாளி கையைத் தூக்குவார். நாமும் கேட்கிறது என்று குறித்துவிடுவோம். அதனால் நல்ல காதுக்குத் தனியாக ஓர் இரைச்சலைக் கொடுத்து அதை வேறு வேலையில் வைக்க வேண்டும். எவ்வளவு இரைச்சல் என்பதுதான் கணக்கு. இந்தப் பகுதியை எங்கள் ஆசிரியர்கள் மிக நன்றாகச் சொல்லித் தந்தார்கள். இன்றைக்கும் ஆடியோகிராம், அதாவது கேட்கும் அளவைக் காட்டும் வரைபடம், போடும்போது எனக்குத் தயக்கம் வருவதில்லை.

குறை மொழிப் பக்கம்தான். பாடம், ரெக்கார்டு, அறிக்கை எல்லாம் ஆங்கிலம். ஓபியில் (வெளிநோயாளிகள் பிரிவில்) வந்து உட்காருகிறவர்களில் பெரும்பாலோர் தமிழில்தான் பேசுகிறார்கள்.

இன்டர்ன்ஷிப்பில் பக்கவாதம் வந்து பேச்சு போன ஒரு பெரியவர் வந்தார், விவசாயி. பட அட்டைகளைக் காட்டிப் பெயர் கேட்டேன். ரொட்டி சுடும் மெஷின், பனிச்சறுக்குப் பலகை, இப்படிப் படங்கள். அவர் பேசாமல் இருந்தார். ‘பெயர் வரவில்லை’ என்று வரிசையாகக் குறித்துக்கொண்டே போனேன். கூட வந்த மருமகள் மெதுவாகச் சொன்னார்: “எங்க வீட்ல இந்தச் சாமானெல்லாம் கிடையாதும்மா. மாமா பார்த்ததே இல்லை.” மறுநாள் எங்கள் வீட்டு அரிவாள்மனையையும் சொம்பையும் போனில் படமெடுத்துப் போனேன். கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்துவிட்டு, “அருவாமன” என்றார். முந்தின நாள் நான் எழுதியிருந்த மதிப்பெண் அவருடையதே இல்லை.

ஒலிப் பயிற்சியிலும் இதே சிக்கல். ஆங்கிலத்தில் ‘பின்’ (pin) என்ற சொல்லின் முதல் ஒலியைக் குரல்நாண் அதிரச் சொன்னால் வேறு சொல்லாகிவிடும் (bin). அதை வைத்துப் பயிற்சி அமைத்திருக்கிறார்கள். தமிழில் ‘கல்’லில் வரும் க-வும் ‘பகல்’ சொல்லில் வரும் க-வும் வேறு ஒலிகள், ஆனால் நம் காதுக்கு ஒரே எழுத்து. நமக்குப் பொருளை மாற்றுவது பல்–பால், படு–பட்டு, புலி–புளி போன்ற ஜோடிகள். இவற்றை நானாக உட்கார்ந்து பட்டியல் போட்டேன். அப்புறம் ழகரம். ஒரு குழந்தை ‘வாளப்பளம்’ என்றால் உடனே பயிற்சி தொடங்கிவிடக் கூடாது. தென் மாவட்டங்களில் பல வீடுகளில் பெரியவர்களே அப்படித்தான் சொல்கிறார்கள். முதலில் அம்மாவைப் பேசச் சொல்லிக் கேட்க வேண்டும். இதை எனக்கு வேலைதான் சொல்லித் தந்தது. படிப்பிலேயே வந்திருக்க வேண்டும்.

சம்பளம் தொடக்கத்தில் குறைவு, அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் வேலைக்குத் தேவை இருக்கிறது. முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தில் காக்ளியர் இம்ப்ளான்ட் (அறுவை சிகிச்சை செய்து காதில் வைக்கும் கேட்புக் கருவி) பொருத்திக்கொண்ட குழந்தைகள் வருகிறார்கள். அறுவை சிகிச்சை முடிந்ததுமே பிள்ளை பேசிவிடும் என்று நினைத்து வரும் பெற்றோரிடம், பயிற்சி இனிமேல்தான் தொடங்குகிறது, அதில் பாதி உங்கள் சமையலறையில் நடக்கும் என்று உட்கார வைத்துச் சொல்கிறேன். என் நாளில் அதிக நேரம் இதற்குத்தான் போகிறது. எனக்குப் பிடித்த நேரமும் அதுதான்.

சேர நினைப்பவர்கள் அனுமதி கிடைத்தால் ஒரு நாள் ஏதாவது ஒரு ஓபியில் ஓரமாக உட்கார்ந்து பாருங்கள். ஒரே சொல்லை நாற்பது முறை பொறுமையாகச் சொல்லிக் கேட்பது உங்களுக்கு ஒத்துவருமா என்று தெரிந்துவிடும். எனக்கு ஒத்துவந்தது. இன்னொரு முறை வாய்ப்புக் கிடைத்தாலும் இதையே எடுப்பேன்.

என் போனில் இப்போது இருநூறுக்கு மேல் படங்கள் சேர்ந்திருக்கின்றன: உலக்கை, முறம், மண்வெட்டி, தூக்குவாளி. மீனவர் வீடுகளிலிருந்து வருகிறவர்களுக்குக் காட்டத்தான் ஒன்றும் சரியாக இல்லை. பொங்கல் விடுமுறையில் நாகப்பட்டினம் போய் வலை, துடுப்பு, மீன்கூடை எல்லாம் எடுத்துவர வேண்டும்.