மாற்று டிரெயினர்: உராய்வா, உருளையா, இன்னொரு ஸ்மார்ட்டா?

வீட்டுக்குள் சைக்கிள் மிதிக்க ஒரு டிரெயினர் இருக்கும்போது இரண்டாவது எதற்கு என்று மனைவி கேட்டபோது என்னிடம் பதில் இல்லை. அந்த டிசம்பரிலேயே பதில் வந்துவிட்டது. வேளச்சேரியில் எங்கள் தெருவில் முழங்கால் தண்ணீர். ஒன்றரை நாள் போயிருந்த மின்சாரம் திரும்பியது. என் ஸ்மார்ட் டிரெயினரின் (செயலி சொல்கிறபடி எதிர்ப்பைத் தானே கூட்டிக் குறைக்கும் மின் டிரெயினர்) விளக்கு மட்டும் எரியவில்லை. உத்தரவாதம் முடிந்து நான்கு மாதம் ஆகியிருந்தது. மின்பலகையை மாற்ற இயந்திரத்தையே அனுப்பிவைக்க வேண்டும் என்றார்கள். அனுப்பினேன், திரும்பி வர ஏழு வாரம். பிப்ரவரியில் 200 கிலோமீட்டர் ப்ரெவே என்ற, குறித்த நேரத்துக்குள் முடிக்க வேண்டிய நெடுந்தூர ஓட்டத்துக்குப் பெயர் கொடுத்திருந்தவனுக்கு அந்த ஏழு வாரமும் சோறு இறங்கவில்லை.

அதன்பிறகு மாற்றுக்கு என்று மூன்று வகையையும் வீட்டில் வைத்துப் பார்த்துவிட்டேன். ஒன்று, பின்சக்கரத்தின் டயரை ஒரு சிறு உருளை அழுத்திப் பிடிக்கும் பழைய உராய்வு டிரெயினர். இரண்டு, சைக்கிளை எதிலும் பூட்டாமல் மூன்று உருளைகளின் மேல் வைத்து ஓட்டும் ரோலர். மூன்று, பின்சக்கரத்தைக் கழற்றிவிட்டுச் சட்டகத்தை நேரடியாகப் பூட்டும் ஸ்மார்ட் டிரெயினர், அதுவும் யாரோ பயன்படுத்தியது.

மூன்றாவதில்தான் முதலில் கையைச் சுட்டுக்கொண்டேன், அதனால் அதையே முதலில் சொல்கிறேன். மலிவாகக் கிடைக்கிறது என்பதுதான் இதன் கவர்ச்சி. ஏன் மலிவு என்றால், 2020 ஊரடங்கில் டிரெயினருக்கு உலகெங்கும் தட்டுப்பாடு. கிடைத்த விலைக்கு வாங்கினார்கள். பிறகு சாலைகள் திறந்தன, கிடங்குகள் நிரம்பி வழிந்தன. 2022-இல், வீட்டுக்குள் மிதிப்பவர்களுக்கான செயலியை நடத்தும் ஸ்விஃப்ட் நிறுவனம் 499 டாலருக்கு ஒரு டிரெயினரை இறக்கியது. 2018-இல் 899 டாலருக்கு வந்த வாஹூ கிக்கர் கோர் டிரெயினர் 2023-இல் 599-க்கு இறங்கியது. அதே ஆண்டு அக்டோபரில் பிரிட்டனின் சைக்கிள் இணையக் கடையான விகிள் திவால் நிர்வாகத்துக்குப் போனது. ஆனால் நம் ஊரில் பழையதை விற்பவர் மனத்தில் இன்னமும் 2020-இன் விலைதான் நிற்கிறது. நங்கநல்லூரில் ஒரு பெரியவர், "தம்பி, என் மகன் எழுபதாயிரம் கொடுத்து வாங்கியது, பாதிக்குத் தருகிறேன்" என்றார். அவர் பொய் சொல்லவில்லை. ஆனால் மகன் கொடுத்த விலை நமக்கு எதற்கு? அதே பொருளின் இன்றைய புதிய விலையைப் பார்த்து, அதில் பாதிக்கும் கீழே நின்று பேச வேண்டும். நான் பேசவில்லை, சங்கோசம். வாங்கி வந்த ஆறாம் மாதம் உள்ளிருக்கும் பெல்ட் கிறீச்சிட ஆரம்பித்தது.

பெல்ட் போகட்டும், மாற்றலாம். என் குறை வேறு. முதல் டிரெயினர் எதனால் படுத்ததோ அதே காரணத்தால் இதுவும் படுக்கும். மின்னழுத்தம் எகிறினால் இரண்டுக்கும் ஆபத்து. மின்சாரம் இல்லையென்றால் இந்த வகையில் பெரும்பாலானவை எதிர்ப்பே தராமல் வெறும் சக்கரமாய்ச் சுற்றும். (டாக்ஸ் நியோ விதிவிலக்கு. மிதிக்கும் விசையிலிருந்தே தன் மின்சாரத்தை எடுத்துக்கொள்ளும். அதன் விலைக்கு நல்ல சைக்கிளே வாங்கலாம்.) கூடவே பொருத்தத் தொல்லை: பின்பக்கப் பல்சக்கர அடுக்கான கேசட்டில் எத்தனை பல்சக்கரம், அதை மாட்டும் ஃப்ரீஹப் ஷிமானோ கியருக்கானதா, ஸ்ராம் கியருக்கான எக்ஸ்டிஆரா என்று ஒவ்வொன்றையும் பார்க்க வேண்டும். ஒற்றைப் பல்சக்கரத்தை வைத்துக் கியரைச் செயலியிலேயே மாற்றும் ஏற்பாடு 2023-இல் வந்த பிறகு இந்தத் தலைவலி குறைந்தது உண்மை. வீட்டில் இரண்டு பேர் ஒரே நேரத்தில் மிதிப்பவர்களானால் இரண்டாவது ஸ்மார்ட் டிரெயினர் நியாயமான செலவு. மாற்றுக்கு என்றால் வேண்டாம்.

ரோலர் நேர்மையான பொருள். மின்சாரம் வேண்டாம், செயலி வேண்டாம், பழுதாக அதில் எதுவும் இல்லை. மூன்று உருளை, முன்னும் பின்னும் இணைக்க ஒரு ரப்பர் பட்டை, சில பேரிங்குகள், அவ்வளவுதான். எந்த அச்சு உள்ள சைக்கிளும் ஏறும், கார்பன் சட்டகத்தை இறுக்கிப் பிடிக்கும் கவலையும் இல்லை. கால் சுற்றுவது எவ்வளவு கோணல் என்பதை ஐந்து நிமிடத்தில் காட்டிக்கொடுத்துவிடும். நான் வாசல் நிலைக்கு நடுவே வைத்து, இரண்டு தோளும் சட்டத்தில் இடிக்க, மூன்று நாள் பழகினேன். நான்காம் நாள் தைரியம் வந்து கூடத்தின் நடுவுக்குக் கொண்டுபோனேன். ஐந்தாம் நாள் சோபாவில் விழுந்தேன்.

நம் வீடுகளில் ரோலருக்கு ஒரு தனி எதிரி உண்டு, மின்விசிறி. உருளை உயரமும் சைக்கிள் உயரமும் சேர்ந்து, நிமிர்ந்து உட்கார்ந்து சட்டையைக் கழற்றக் கையைத் தூக்கினால் என்ன ஆகும் என்று எண்ணிப் பாருங்கள். எங்கள் வீட்டுக் கூரை தாழ்வு. ரோலரை விசிறிக்கு நேர் கீழே ஒருபோதும் போடாதீர்கள். இன்னொன்று, எதிர்ப்பு போதாது. சமமாக ஒரு மணி நேரம் சுற்ற அருமை. எழுந்து நின்று முழு வேகத்தில் இருபது வினாடி அடிக்க இது இடமில்லை. கடினப் பயிற்சி வாரத்தில் இரண்டு நாள் வைத்திருப்பவருக்கு ரோலர் மாற்றாகாது, துணையாகத்தான் ஆகும்.

மிஞ்சியது யாரும் மதிக்காத உராய்வு டிரெயினர். இதிலும் காந்த வகை, திரவ வகை என்று இரண்டு. காந்த வகை மலிவு. எதிர்ப்பைக் கூட்டக் குறைக்கக் கைப்பிடியில் ஒரு நெம்புகோல் வரும், அதன் கம்பிதான் முதலில் அறும். திரவ வகையில் உருளையோடு ஒரு துடுப்பு எண்ணெய்க்குள் சுழலும். வேகம் கூடக் கூட எதிர்ப்பு தானாகவே ஏறும், சாலையில் காற்றை எதிர்ப்பது போல. கர்ட் கைனெட்டிக் ரோடு மெஷின் என்ற திரவ டிரெயினரில் துடுப்பைச் சுழற்றுவது காந்தம்தான். அச்சு எண்ணெய் அறைக்குள் நுழைவதில்லை, அதனால் கசிய வழியில்லை. எந்த வேகத்துக்கு எத்தனை வாட் என்ற கணக்கையும் அந்நிறுவனமே வெளியிட்டிருக்கிறது: மணிக்கு 32 கிலோமீட்டர் என்றால் சுமார் 250 வாட். ஆகவே பின்சக்கரத்தில் ஒரு வேகமானி இருந்தாலே போதும், வாட் கணக்கு ஓரளவுக்குக் கைக்கு வந்துவிடும். டயர் காற்றும் உருளை அழுத்தமும் தினமும் ஒரே அளவில் இருக்க வேண்டும் என்பதுதான் நிபந்தனை.

பழையதை வாங்கப் போகும்போது சைக்கிளையும் எடுத்துப் போய்ப் பத்து நிமிடம் மிதியுங்கள். குளிர்ந்திருக்கும்போது எல்லாமே நன்றாகத்தான் இருக்கும். சூடான பிறகு எதிர்ப்பு சட்டென்று விழுகிறதா, உருளைக்கு அடியில் ஈரம் இருக்கிறதா என்று பாருங்கள். உருளையை விரலால் சுற்றினால் மணல் அரைபடும் சத்தம் வரக்கூடாது. கவனிக்க வேண்டியது அச்சு. இந்த டிரெயினர்கள் சட்டென்று கழற்றும் பழைய வகை அச்சுக்காகச் செய்தவை. டிஸ்க் பிரேக் சைக்கிள்களின் 12 மில்லிமீட்டர் அச்சுக்குத் தனியாக மாற்று அச்சு வாங்க வேண்டும், அதிலும் மரையின் இடைவெளி 1.0, 1.5, 1.75 மில்லிமீட்டர் என்று வேறுபடும். நான் அந்தச் சிக்கலுக்கே போகவில்லை. ஓட்டாமல் கிடந்த பழைய சைக்கிளைத் தேய்ந்த டயரோடு நிரந்தரமாக அதில் ஏற்றிவிட்டேன். கீழே கறுப்பு ரப்பர் தூள் உதிரும், சத்தமும் உண்டு. காலை ஐந்து மணிக்குக் கீழ்வீட்டு மாமி என்னைப் பார்த்த பார்வையில் ஒரு பழைய மிதியடியை மடித்து அடியில் வைத்தேன்.

மின்சாரம் போனால் உதவும் என்று இதைப் புகழும்போது ஒன்றை மறைக்கக்கூடாது. விசிறியும் போய்விடுமே! காலில் 200 வாட் வந்தால் உடம்பு அதைப்போல் மூன்று நான்கு மடங்கு வெப்பத்தை வெளியேற்ற வேண்டும். டிசம்பர் மழைக்குளிரில் பால்கனிக் கதவைத் திறந்துவைத்து முக்கால் மணி தாங்கலாம். மே மாதத்தில் நான் முயன்றதில்லை, முயலவும் மாட்டேன்.

எங்கே வாங்குவது என்பதில் அதிகம் சொல்ல இல்லை. வெளிநாட்டு உறவினரிடம் சொல்லி அனுப்புவது டிரெயினருக்குச் சரிவராது. கிக்கர் கோர் மட்டும் 18 கிலோ. 23 கிலோ பெட்டியில் உங்கள் சித்தி மகன் தன் துணிமணியை எங்கே வைப்பார்? அவரிடம் செயின், கிளீட், உள்டியூப் போன்ற சின்னப் பொருள்களைக் கேளுங்கள். கடைத் தள்ளுபடியில் போன ஆண்டு நிறத்து ஜெர்சியும் ஒரு தலைமுறை பழைய கியரும் நல்ல பேரம். 11 கியர் ஷிமானோ 105 இன்றும் என்னை மேட்டில் ஏற்றிவிடுகிறது. தள்ளுபடி சதவீதத்தை மட்டும் அப்படியே நம்பாதீர்கள். 2025 செப்டம்பரில் சைக்கிளுக்கும் அதன் பாகங்களுக்கும் ஜிஎஸ்டி 12 சதவீதத்திலிருந்து 5 ஆனது. பழைய விலையட்டையைக் காட்டித் தள்ளுபடி என்றால் அதில் ஒரு பங்கு வரி இறங்கியதுதான். பழைய ஹெல்மெட் இலவசமாகக் கிடைத்தாலும் வேண்டாம், உள்ளே நுரை விரிசல் விட்டிருந்தால் வெளியே தெரியாது.

இரண்டாம் கைக்கு எனக்குப் பிடித்த இடம் சேர்ந்து ஓட்டுகிறவர்களின் வட்டம்தான். பொருளின் கதை தெரியும், பழுதானால் அடுத்த ஞாயிறு கோவளம் டீக்கடையில் முகத்தைப் பார்த்துக் கேட்கலாம். என் திரவ டிரெயினர் அப்படி வந்ததுதான், 4,500 ரூபாய். ஏழாயிரத்துக்கு மேல் ஒருவர் கேட்டால் காப்பியைக் குடித்துவிட்டு எழுந்து வந்துவிடுவேன். என் முதல் ஸ்மார்ட் டிரெயினர் பழுது நீங்கித் திரும்பி வந்து, இப்போது அதுதான் தினமும் ஓடுகிறது. திரவ டிரெயினர் பீரோவுக்குப் பின்னால் மடங்கி நிற்கிறது. போன மாதம் நண்பர் ஒருவர் தன்னுடையது படுத்துவிட்டது, இரவல் கிடைக்குமா என்றார். ரோலரைக் கொடுத்தனுப்பினேன்.