‘கலர் மை தேவையே இல்லை’ என்று சொல்லி விற்ற பிரிண்டர்: கறுப்பு வெள்ளைக்கு வாங்குவோர் கவனத்திற்கு

கறுப்பு வெள்ளையில் மட்டும் அச்சிட ஒரு பிரிண்டர் வேண்டும் என்று கேட்பவர்களிடம் விலை குறைந்த கலர் இங்க்ஜெட் (திரவ மையைத் துளிகளாகத் தெளித்து அச்சிடும்) இயந்திரத்தைத் தள்ளிவிடும் பழக்கம் விற்பனையாளர்கள் பலரிடம் இருக்கிறது. அப்படி எனக்கு விற்கப்பட்ட ஒன்றைப் பற்றியும், விற்கும்போது சொல்லப்பட்டவை ஒவ்வொன்றாகப் பொய்த்த விதத்தைப் பற்றியும் இங்கே எழுதுகிறேன். கடையின் பெயரையும் தயாரிப்பு நிறுவனத்தின் பெயரையும் குறிப்பிடவில்லை.

எங்கள் தேவை மிக எளியது. பிள்ளைகளின் பாடக் குறிப்புகள், நிரப்பி அனுப்பவேண்டிய படிவங்கள், எப்போதாவது ஒரு கடிதம். சில வாரங்களில் அச்சிட ஒன்றுமே இராது. இதை விளக்கிவிட்டு, கலர் மை தீர்ந்துபோனாலும் கறுப்பில் அச்சாகுமா என்றும், ஒரு கறுப்புக் கார்ட்ரிட்ஜில் எத்தனை பக்கம் வரும் என்றும் விற்பனையாளரிடம் தெளிவாகவே கேட்டேன். முதல் கேள்விக்கு, “நீங்கள் கலரைத் தொடவே வேண்டாம், அது பாட்டுக்கு அப்படியே இருக்கும்” என்றார். இரண்டாவது கேள்விக்குப் பெட்டியின் மேல் அச்சிட்டிருந்த ‘1,000 பக்கங்கள்’ என்ற வரியை விரலால் சுட்டிக் காட்டினார்.

அந்த 1,000 என்பது கார்ட்ரிட்ஜின் அளவே அன்று. இயந்திரம் ஒரு மாதத்தில் அதிகபட்சமாக எத்தனை பக்கங்களைத் தாங்கும் என்று தயாரிப்பாளர் குறிக்கும் பணிச்சுமை எண் அது. மை எவ்வளவு வரும் என்பதற்கும் அதற்கும் எந்தத் தொடர்பும் இல்லை. அந்த மாதிரியின் சாதாரணக் கறுப்புக் கார்ட்ரிட்ஜுக்கு நிறுவனம் கொடுத்திருந்த கணக்கு 120 பக்கங்கள்தான், அதுவும் தனியாகக் கடையில் வாங்கும் கார்ட்ரிட்ஜுக்கு. பிரிண்டருடன் பெட்டிக்குள் வரும் தொடக்கக் கார்ட்ரிட்ஜில் அதைவிடக் குறைவாகவே மை இருந்தது. இந்தப் பக்கக் கணக்குகள் இங்க்ஜெட்டுக்கு ஐஎஸ்ஓ/ஐஇசி 24711 என்ற சர்வதேசத் தரநிலைப்படியும், கறுப்பு வெள்ளை லேசர் பிரிண்டரின் டோனருக்கு (மைத்தூளுக்கு) 19752 என்ற தரநிலைப்படியும் அளக்கப்படுகின்றன. இரண்டுமே இடைவிடாமல் தொடர்ச்சியாக அச்சிட்டுப் பார்க்கும் சோதனைகள். வாரக்கணக்கில் சும்மா கிடந்துவிட்டு நான்கு பக்கம் அச்சிடும் வீட்டில் இங்க்ஜெட் இயந்திரம் ஒவ்வொரு முறையும் மை வெளிவரும் தன் முனைகளைச் சுத்தம் செய்துகொள்ள மையைச் செலவழிக்கிறது; அந்த மை காகிதத்துக்கு வராமல் இயந்திரத்தின் அடியில் உள்ள கழிவு மைப் பஞ்சில் போய்ச் சேர்கிறது. ஆகவே கொஞ்சமாக அச்சிடுகிறவர்களுக்கு இங்க்ஜெட் போதும் என்று வழக்கமாகச் சொல்லப்படும் அறிவுரை, பல வீடுகளைப் பொறுத்தவரை தலைகீழான அறிவுரை.

கலர் மை தொடப்படாமல் ‘அது பாட்டுக்கு’ இருக்கவில்லை. சுத்திகரிப்பு கறுப்புக்கு மட்டும் நடப்பதில்லை, கலர் கார்ட்ரிட்ஜுக்கும் சேர்த்தே நடக்கிறது. அதோடு, அச்சிடும் அமைப்பில் ‘கிரேஸ்கேல்’ (வண்ணமின்றிச் சாம்பல் சாயல்களில் அச்சிடுவது) என்று தேர்ந்தெடுத்தாலும், ‘கறுப்பு மை மட்டும்’ என்பதைத் தனியாகத் தேர்ந்தெடுக்காவிட்டால், சாம்பல் நிறங்களை உண்டாக்கக் கலர் மைகளையும் கலந்து பயன்படுத்தும் மாதிரிகள் உள்ளன. எங்களுடையது அந்த வகை. ஒரே ஒரு வண்ணப் படம்கூட அச்சிடாத நிலையில் கலர் கார்ட்ரிட்ஜ் தீர்ந்தது. அன்றிலிருந்து, கறுப்பு மை மீதமிருந்தும், பிரிண்டர் ஒரு பக்கம்கூட அச்சிட மறுத்துவிட்டது. வேடிக்கை என்னவென்றால், மையே தேவைப்படாத ஸ்கேனரும் சேர்ந்து நின்றுபோனது. சில மாதிரிகளில் தீர்ந்த கார்ட்ரிட்ஜை வெளியே எடுத்துவிட்டு மற்றதை மட்டும் வைத்து அச்சிடும் வசதி இருக்கிறது. விற்பனையாளரிடம் அதைப் பற்றிக் கேட்டபோது, அப்படி ஒன்று உண்டு என்பதே அவருக்குத் தெரியவில்லை. எங்கள் மாதிரியில் அது இல்லை என்பதை நிறுவனத்தின் கையேட்டைப் படித்து நானேதான் அவருக்குச் சொல்ல வேண்டியிருந்தது.

இரண்டு கார்ட்ரிட்ஜுகளையும் புதிதாக வாங்கினால் பிரிண்டரின் விலையை நெருங்கிவிடும் என்று தெரிந்ததும், அதே கடைக்காரர் வேறு தயாரிப்பாளரின் ‘கம்பேட்டிபிள்’ கார்ட்ரிட்ஜுகளை எடுத்து நீட்டினார். அவை நன்றாகவே அச்சிட்டன. ஆனால் பிரிண்டர் இணையத்துடன் இணைந்திருந்ததால் தன் ஃபர்ம்வேரை (உள்ளிருந்து இயந்திரத்தை இயக்கும் மென்பொருளை) தானாகவே புதுப்பித்துக்கொண்டு, அடுத்த நாள் அந்தக் கார்ட்ரிட்ஜுகளின் சிப்பை ஏற்க முடியாது என்று அறிவித்துவிட்டது. திருப்பிக் கொடுக்கப் போனபோது, திறந்த கார்ட்ரிட்ஜை வாங்கிக்கொள்ள முடியாது என்பதோடு, வெளி மை போட்டதால் பிரிண்டரின் உத்தரவாதமே ரத்தாகிவிட்டது என்றும் சொன்னார். அவர் கையால் விற்ற மை அது. உத்தரவாதச் சீட்டில் எழுதியிருந்ததோ வேறு: வெளி கார்ட்ரிட்ஜினால் ஏற்பட்ட பழுதுக்கு மட்டுமே பொறுப்பேற்க மாட்டோம் என்றுதான் அதில் இருந்தது.

இதற்குப் பிறகுதான் மிகப் பெரிய ஏமாற்று வெளிப்பட்டது. பெரும்பாலான பிரிண்டர்கள் தம்மைப் பற்றிய விவரத்தை ஒரு நிலை அறிக்கைப் பக்கமாகத் தரும்; பொத்தான்களை அழுத்தியோ, கணினியிலுள்ள மென்பொருள் வழியாகவோ அதைப் பெறலாம். இயந்திரம் பிறந்ததிலிருந்து அச்சிட்ட மொத்தப் பக்க எண்ணிக்கை பல மாதிரிகளில் அந்த அறிக்கையில் இருக்கும். எங்கள் பிரிண்டரின் எண்ணிக்கை, வீட்டில் நாங்கள் அச்சிட்டதைப் போலப் பல மடங்கு இருந்தது. வரிசை எண்ணை நிறுவனத்தின் இணையதளத்தில் இட்டுப் பார்த்தபோது, உத்தரவாதக் காலம் எங்கள் ரசீதின் தேதிக்குப் பல மாதங்களுக்கு முன்பே தொடங்கியிருந்தது. புதிது என்று சொல்லி முழு விலைக்கு விற்கப்பட்டது, கடையில் செயல்விளக்கத்துக்கு வைத்திருந்ததாகவோ யாரோ திருப்பிக் கொடுத்ததாகவோ இருக்க வேண்டும். இந்த இரண்டு ஆதாரங்களையும் அச்சிட்டு (வேறொருவர் பிரிண்டரில்தான்) எழுத்துமூலப் புகாருடன் கொடுத்த பிறகு, கடைக்காரர் இயந்திரத்தைத் திரும்ப எடுத்துக்கொண்டு பணத்தின் ஒரு பகுதியை மட்டும் கொடுத்தார். கார்ட்ரிட்ஜுகளுக்குக் கொடுத்த பணம் வரவேயில்லை. ஆகவே பெட்டியைத் திறந்ததும் முதல் வேலையாக அந்த அறிக்கைப் பக்கத்தை எடுத்துப் பாருங்கள்; ரசீதில் வரிசை எண்ணை எழுதித் தரச் சொல்லி, அதைப் பெட்டியிலும் இயந்திரத்தின் பின்புறத்திலும் உள்ள எண்ணோடு ஒப்பிடுங்கள். எழுதித் தரத் தயங்குகிற கடையில் வாங்க வேண்டியதில்லை.

இப்போது வீட்டில் இருப்பது கறுப்பு வெள்ளை லேசர். டோனர் என்பது திரவமன்று, நுண்ணிய பிளாஸ்டிக் தூள். வெப்பத்தால் உருகிக் காகிதத்தில் ஒட்டுகிறது. மாதக்கணக்கில் பயன்படுத்தாமல் வைத்தாலும் உலர்ந்து அடைக்க அதில் ஏதுமில்லை. தீர்ந்துபோகக் கலரும் இல்லை. வாங்கும் விலை மலிவான இங்க்ஜெட்டைவிடக் கூடுதல்தான், ஆனால் முதல் விலையை மட்டும் பார்த்து ஒப்பிடுவதுதான் இந்த வியாபாரத்துக்கு வசதியாக இருக்கிறது. தனியாக விற்கும் டோனரின் விலையை அதன் பக்க எண்ணிக்கையால் வகுத்துப் பாருங்கள். டிரம் (டோனர் தூளைக் காகிதத்துக்கு மாற்றும் உருளை) தனியாக மாற்றவேண்டிய மாதிரியானால் அதன் விலையையும் அதன் ஆயுள் பக்கங்களால் வகுத்துக் கூட்டிக்கொள்ளுங்கள். பக்கக் கணக்கு என்பது காகிதப் பரப்பில் ஏறத்தாழ 5 சதவீதம் மட்டுமே கறுப்பாகும் பக்கத்துக்கானது. வரிகள் நெருக்கமாக நிறைந்த பக்கமோ, படங்கள் உள்ள பாடக் குறிப்போ அதைவிட அதிகம் எடுக்கும்.

லேசரிலும் விற்பனைப் பேச்சில் விழுங்கப்படும் விவரங்கள் உண்டு. பெட்டியுடன் வரும் தொடக்க டோனர் பல மாதிரிகளில் முழு அளவினதன்று. எத்தனை பக்கத்துக்கானது என்று கேட்டால் தொழில்நுட்ப விவரப் பட்டியலில் எழுதியிருக்கும். டோனர் தீர்ந்தது என்ற எச்சரிக்கை சில இயந்திரங்களில் உண்மையான இருப்பை அளக்காமல் அச்சிட்ட பக்கங்களையோ புள்ளிகளையோ எண்ணி எழுப்பப்படுவது. அமைப்புகளில் ‘தொடர்ந்து அச்சிடு’ என்ற தேர்வு இருந்தால், எழுத்து மங்கும்வரை அச்சிட்டுக்கொண்டிருக்கலாம். சிப், ஃபர்ம்வேர் தொல்லை லேசரிலும் இருக்கிறது என்பதால், வெளி டோனர் பயன்படுத்தும் எண்ணம் இருந்தால் தானியங்கிப் புதுப்பிப்பை நிறுத்த முடியுமா என்பதை வாங்குமுன் உறுதிசெய்துகொள்ளுங்கள். மாதச் சந்தா முறையில் மை தரும் திட்டத்தை யாராவது இலவசம் என்று சொன்னால், சந்தாவை நிறுத்திய பிறகு கையிலிருக்கும் கார்ட்ரிட்ஜ் வேலை செய்யுமா என்று கேளுங்கள். உள்ளே மை இருந்தாலும் தொலைவிலிருந்தே முடக்கப்படும் கார்ட்ரிட்ஜுகள் அவற்றில் உண்டு. இன்னொன்று, உருக்கும் பகுதி சூடாகும் சமயத்தில் லேசர் பிரிண்டர் நூற்றுக்கணக்கான வாட் மின்சாரத்தை ஒரே வீச்சில் இழுக்கும். கணினிக்கு வைத்திருக்கும் சிறிய யுபிஎஸ்ஸில் அதைச் செருகாமல் நேராகச் சுவர்ச் சாக்கெட்டில் இணைக்க வேண்டும். லேசரை எங்களுக்கு விற்றவர், நாங்கள் கேட்காமலே இதைச் சொன்னார்.